எரியாலைச் சாம்பலின் நச்சை அடக்குவது எப்படி?

குப்பையை எரித்தால் அதன் கன அளவு ஏறத்தாழ 90 விழுக்காடு குறையும். எஞ்சும் சாம்பல் இருவகை: உலையின் அடியில் தங்குவது அடிச்சாம்பல், புகையோடு போய் வடிகட்டியில் சிக்குவது பறக்கும் சாம்பல். ஈயம், காட்மியம், டையாக்சின் ஆகிய நச்சுகள் இரண்டாவதில்தான் அதிகம்.

மழைநீர் பட்டால் உலோகங்கள் கரைந்து நிலத்தடி நீரில் கலக்கும். அதைத் தடுக்க, சாம்பலை சிமெண்டுடன் கலந்து இறுக வைப்பார்கள். உலோகங்களைப் பிணைக்கும் ரசாயனமும் சேர்ப்பார்கள். ஜப்பானில் சில ஆலைகள் 1,200 டிகிரி செல்சியசுக்கும் மேல் உருக்கிக் கண்ணாடிபோல் ஆக்குகின்றன. டையாக்சினும் சிதைந்துவிடும், எரிசக்திச் செலவுதான் அதிகம்.

சிங்கப்பூரின் சாம்பல் 1999 முதல் செமாக்காவ் நிரப்புநிலத்துக்குப் படகில் போகிறது. நீர் கசியாத விரிப்பும் கடற்களிமண்ணும் கொண்ட 7 கிலோமீட்டர் கரை அதைக் கடலிலிருந்து பிரிக்கிறது. 2035 வாக்கில் அது நிரம்பிவிடும் எனக் கணிக்கப்படுகிறது. அதனால், சாம்பலைப் பதப்படுத்திக் கட்டுமானப் பொருளாக்கும் முயற்சியும் நடைபெறுகிறது.