கேம் ஓடலைன்னு ஃபயர்வாலை ஆஃப் பண்றீங்களா? விண்டோஸில் இந்த செட்டிங்கை முதலில் பாருங்க!

பிரிண்டர் கனெக்ட் ஆகவில்லை, நண்பர்களோடு கேமில் சேர முடியவில்லை என்றால் பலரும் உடனே செய்வது, கம்ப்யூட்டரில் ஃபயர்வாலை ஆஃப் செய்வதுதான். வேலை முடிந்ததும் திரும்ப ஆன் செய்யணும் என்பது மறந்தே போய்விடும். ஆஃப் செய்யாமலே இதைச் சரி செய்யலாம்.

ஃபயர்வால் என்ன செய்கிறது?

அபார்ட்மென்ட் வாசலில் நிற்கும் செக்யூரிட்டி மாதிரிதான். நீங்கள் ஒரு வெப்சைட்டைத் திறந்தால், அதன் பதிலை உள்ளே விடும். யாரும் கூப்பிடாமல் வெளியிலிருந்து வரும் இணைப்பை நிறுத்திவிடும்.

2003 ஆகஸ்ட்டில் பரவிய பிளாஸ்டர் வைரஸ், எந்த ஃபைலையும் திறக்காதவர்களின் கம்ப்யூட்டருக்குள்ளும் புகுந்தது. இன்டர்நெட்டில் இணைந்திருந்ததே போதுமானதாக இருந்தது. விண்டோஸ் எக்ஸ்பியில் அப்போதே ஃபயர்வால் இருந்தது; ஆனால் தானாக ஆன் ஆகாது. 2004-ல் வந்த சர்வீஸ் பேக் 2 அப்டேட்டில்தான் மைக்ரோசாஃப்ட் அதை மாற்றியது. 2017 மே மாதம் உலகை உலுக்கிய வான்னாக்ரை வைரஸும், ஃபைல் ஷேரிங்குக்கான 445 என்ற போர்ட் வழியாகவே கம்ப்யூட்டர் விட்டு கம்ப்யூட்டர் தாவியது.

எங்கே போய் பார்ப்பது?

ஸ்டார்ட் மெனுவில் 'விண்டோஸ் செக்யூரிட்டி' என்று தேடித் திறந்து, 'ஃபயர்வால் அண்ட் நெட்வொர்க் ப்ரொடெக்ஷன்' என்பதை க்ளிக் செய்யுங்கள். டொமைன், பிரைவேட், பப்ளிக் என மூன்று இருக்கும். மூன்றுமே ஆன் ஆகியிருக்க வேண்டும். ஆஃபீஸ் நெட்வொர்க்குக்கானது டொமைன். வீட்டில் அதைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை.

நிறைய பேர் கோட்டை விடுவது மற்ற இரண்டில்தான். வீட்டு வைஃபையை பிரைவேட் என வைத்தால் பிரிண்டர், ஃபைல் ஷேரிங் எல்லாம் எளிதாக வேலை செய்யும். ரயில் நிலையம், ஹோட்டல், காபி ஷாப் வைஃபை என்றால் பப்ளிக் மட்டுமே. அங்கே பிரைவேட் கொடுத்தால், அதே வைஃபையில் இருக்கும் முன்பின் தெரியாதவர்களுக்கும் உங்கள் லேப்டாப் தெரியக்கூடும். செட்டிங்ஸில் அந்த வைஃபையின் 'ப்ராப்பர்ட்டீஸ்' பகுதிக்குப் போய் இதை மாற்றலாம்.

ஒரே ஒரு ஆப்தான் பிரச்னையா?

அதே ஃபயர்வால் பக்கத்தில் 'அலவ் ஆன் ஆப் த்ரூ ஃபயர்வால்' என்பதைத் திறந்து, 'சேஞ்ச் செட்டிங்ஸ்' கொடுத்து, அந்த ஆப்புக்கு பிரைவேட் கட்டத்தில் மட்டும் டிக் செய்தால் போதும். பெயரே தெரியாத ஆப் திடீரென அனுமதி கேட்டால் 'கேன்சல்' கொடுத்துவிடலாம். எதையோ மாற்றி எல்லாம் குழம்பிவிட்டதா? 'ரீஸ்டோர் ஃபயர்வால்ஸ் டு டிஃபால்ட்' இருக்கவே இருக்கிறது.

ஃபயர்வால் எதைத் தடுக்காது?

விண்டோஸ் ஃபயர்வால் வெளியே போகும் இணைப்புகளை வழக்கமாகத் தடுப்பதில்லை. 'கஸ்டமர் கேர்' என்று போனில் பேசுபவர் சொன்னதைக் கேட்டு, ஸ்கிரீனைப் பகிரும் ஆப்பை நீங்களே இன்ஸ்டால் செய்தால், நீங்கள் அழைத்த விருந்தாளியாகவே அவரை அது உள்ளே விட்டுவிடும். அப்படிப் பணம் பறிபோனால், தாமதிக்காமல் 1930 என்ற சைபர் க்ரைம் உதவி எண்ணை அழைத்துப் புகார் செய்ய வேண்டும்.