காயத்தைக் காதலென்று ஏற்க மறுத்தவர்கள்: ஆங்கில வரலாற்றுக் காதல் நாவலும் வாசகிகளின் ஏமாற்றமும் (1740–2021)

முன்னுரை

ஆங்கிலப் புனைகதைச் சந்தையில் காதல் நாவலுக்கு நிலையான இடம் உண்டு. அதன் முக்கியக் கிளையான வரலாற்றுக் காதல் நாவல் பெரும்பாலும் பெண்களால், பெண்களுக்காக எழுதப்படுவது. வாசகிக்கும் நூலுக்கும் இடையிலான உடன்படிக்கை எளியது: காதல் கதையின் மையமாக இருக்க வேண்டும், இறுதியில் இருவரும் மகிழ்ச்சியோடு இணைய வேண்டும். இந்த உடன்படிக்கையைப் பிசகாமல் நிறைவேற்றிய நூல்களும் வாசகிகளுக்குக் கசந்ததுண்டு. நாயகன் நாயகியைக் கடத்துகிறான், வல்லுறவு கொள்கிறான், சில கதைகளில் அடிக்கவும் செய்கிறான். கடைசி அத்தியாயத்தில் அவள் அவனையே மணந்து மகிழ்கிறாள். முடிவு இன்பமாக இருந்தும் படித்தவள் மனநிறைவின்றிப் புத்தகத்தை மூடிவைக்கிறாள்.

இந்த ஏமாற்றத்துக்கு வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம், இன்றைய அளவுகோலைக் கொண்டு பழைய நூலை அளக்கிறார்கள் என்பது. இந்த விளக்கம் சான்றுகளோடு பொருந்தவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். ஏமாற்றம் இவ்வகை எழுத்தின் வேர்களிலேயே இருக்கிறது. காலப்போக்கில் மாறியது, அதற்கு விடை சொல்லும் பொறுப்பு யாருடையது என்பதுதான். நெடுங்காலம் அந்தப் பொறுப்பை வாசகியே சுமந்தாள். கடந்த நாற்பது ஆண்டுகளில் அது மெல்ல எழுத்தாளரிடமும் பதிப்பாளரிடமும் சென்று சேர்ந்திருக்கிறது.

ரிச்சர்ட்சனும் இரண்டு முடிவுகளும்

சாமுவேல் ரிச்சர்ட்சனின் 'பமேலா' 1740இல் வெளிவந்தது. பதினைந்து வயதுப் பணிப்பெண்ணை அவள் எஜமானர் துரத்துகிறார், லிங்கன்ஷயர் மாளிகையில் அடைத்துவைக்கிறார், பலாத்காரத்துக்கும் முயல்கிறார். அவள் இணங்காமல் நிற்க, இறுதியில் அவளை மணந்துகொள்கிறார். நூல் பெரும் வரவேற்பைப் பெற்றது. ஆனால் மறு ஆண்டே ஹென்றி ஃபீல்டிங் 'ஷமேலா' என்ற பகடி நூலையும், எலைஸா ஹேவுட் 'ஆன்டி-பமேலா'வையும் எழுதினார்கள். துன்புறுத்தியவனை மணப்பதே நாயகியின் பரிசு என்ற ஏற்பாடு, தோன்றிய வேகத்திலேயே கேள்விக்குள்ளானது.

1747–48இல் வந்த 'கிளாரிசா'வில் ரிச்சர்ட்சன் எதிர்த்திசையில் நடந்தார். லவ்லேஸ் கிளாரிசாவுக்கு மயக்கமருந்து கொடுத்து வல்லுறவு கொள்கிறான். பிறகு மணம் பேசுகிறான். அவள் மறுத்துவிட்டு இறக்கிறாள். தொகுதிகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தபோதே லேடி பிராட்ஷே என்ற வாசகி புனைபெயரில் ரிச்சர்ட்சனுக்குக் கடிதங்கள் எழுதினார். கிளாரிசா சாகக் கூடாது, லவ்லேஸ் திருந்தி அவளை மணக்க வேண்டும் என்பது அவர் வேண்டுகோள். ரிச்சர்ட்சன் இணங்கவில்லை. திருந்திய காமுகனே சிறந்த கணவன் என்ற நம்பிக்கை ஆபத்தானது என்று முன்னுரையிலேயே எச்சரித்திருந்த அவர், பின்வந்த பதிப்புகளில் லவ்லேஸின் கொடுமை தெளிவாகத் தெரியும்படி பகுதிகளையும் குறிப்புகளையும் சேர்த்தார்.

இங்கே வாசகியின் ஏமாற்றம் மணம் நடக்காததால் வந்தது. லேடி பிராட்ஷேயைப் பேதை என்று ஒதுக்குவது தவறு. ஒரு பெண் இத்தனை துயரப்பட்ட பிறகு உலகம் அவளுக்கு ஏதேனும் ஈடு தர வேண்டும் என்றே அவர் கேட்டார். அவர் அறிந்த சமூகத்தில் அந்த ஈட்டுக்கு இருந்த ஒரே வடிவம் மணம். பிற்காலக் காதல் நாவல் லேடி பிராட்ஷே கேட்ட முடிவையே தன் விதியாக ஆக்கிக்கொண்டது. அந்த முடிவு போதுமானதா என்ற கேள்வியும் கூடவே வந்தது.

பாலைவனமும் கைத்துப்பாக்கியும்

இங்கிலாந்தின் டெர்பிஷயரில் ஒரு விவசாயியின் மனைவியான ஈ. எம். ஹல் 1919இல் 'தி ஷேக்' நாவலை வெளியிட்டார். டயானா மேயோ என்ற ஆங்கிலப் பெண்ணை அல்ஜீரியப் பாலைவனத்தில் அகமது பென் ஹசன் கடத்துகிறான், மீண்டும் மீண்டும் வல்லுறவு கொள்கிறான். அவள் அவனைக் காதலிக்கத் தொடங்குகிறாள். அவன் உண்மையில் ஐரோப்பியப் பெற்றோருக்குப் பிறந்தவன் என்று இறுதியில் தெரியவருகிறது. அவன் செய்தது மாறவில்லை. பிறப்பு மட்டும் மாற்றிச் சொல்லப்பட்டு அவன் மணத்துக்கு உரியவனாகிறான். 1921இல் ருடால்ஃப் வாலண்டினோ நடித்து வந்த திரைப்படம் அந்த வல்லுறவைக் கைவிட்டது. மூலக்கதையை அப்படியே காட்ட முடியாது என்ற உணர்வு அன்றே இருந்தது.

வரலாற்றுக் காதல் நாவலின் வேறொரு மரபைக் கட்டியவர் ஜார்ஜெட் ஹேயர். அவருடைய 'டெவில்ஸ் கப்' (1932) கதையில் விடால் பிரபு, மேரி சலோனரைக் கடத்தி பிரான்சுக்குக் கொண்டுபோகிறான். அவன் எல்லை மீற வரும்போது மேரி கைத்துப்பாக்கியை எடுத்துச் சுட்டுவிடுகிறாள். அந்தக் குண்டுக்குப் பிறகே அவன் அவளை ஒரு மனுஷியாகப் பார்க்கிறான். காதலும் அதன் பிறகே தொடங்குகிறது. கடத்தல் என்ற அதே கதைப்பொருளைத்தான் ஹல், ஹேயர் இருவரும் எடுத்துக்கொண்டார்கள். நாயகியின் மறுப்புக்குக் கதைக்குள் விளைவு உண்டா இல்லையா என்பதில்தான் இருவரும் பிரிகிறார்கள். இந்த வேறுபாடு பின்னாளைய விவாதங்கள் அனைத்துக்கும் அடிப்படை.

1972: நாயகனே குற்றவாளியானபோது

ஏவன் பதிப்பகத்தின் ஆசிரியர் நான்சி காஃபி, கேட்பாரற்றுக் குவிந்து கிடந்த கையெழுத்துப் பிரதிகளிலிருந்து ஒன்றை எடுத்தார். கேத்லீன் வுடிவிஸ் எழுதிய அந்த 'தி ஃப்ளேம் அண்ட் த ஃப்ளவர்' 1972இல் நேரடியாக மலிவுப் பதிப்பாக வந்து இருபது லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. கதை 1799இல் தொடங்குகிறது. கப்பல் தலைவன் பிராண்டன், ஹெதரை விலைமகள் என்று தவறாக எண்ணி வல்லுறவு கொள்கிறான். அவள் கருவுறுகிறாள், கட்டாய மணம் நடக்கிறது, காதல் பிறகு வருகிறது. 1974இல் ரோஸ்மேரி ராஜர்ஸின் 'ஸ்வீட் சாவேஜ் லவ்' இந்த வன்முறையைப் பல மடங்காக்கியது. ரவிக்கை கிழிந்த நாயகியும் அவளை இறுக்கிப் பிடித்த நாயகனும் நின்ற அட்டைப்படங்கள் இந்த அலையின் அடையாளமாயின.

பெண்கள் ஏன் இவற்றை விரும்பி வாங்கினார்கள்? ஒரு காரணம் நியாயமானது. நல்ல பெண் தானாக இச்சை கொண்டாள் என்று எழுத முடியாத காலம் அது. நாயகனின் பலவந்தம் அவளைப் 'பழி'யிலிருந்து காப்பாற்றி, இன்பத்தைச் சொல்ல வழிதிறந்தது. இன்னொன்று, மெய்வாழ்வில் பெண்ணுக்கு அச்சமூட்டும் ஒன்றை, நல்ல முடிவு உறுதியான கதைக்குள் வைத்துப் பார்ப்பதில் கிடைக்கும் ஆறுதல். இவ்விரண்டையும் நான் மதிக்கிறேன். கற்பனையில் எதை நாடுவது என்பது வாசகியின் உரிமை. ஆனால் விற்பனை எண்ணிக்கை சம்மதத்துக்குச் சான்றாகாது. வாங்கியவர்கள் எதைப் பொறுத்துக்கொண்டு படித்தார்கள் என்பதை அந்த எண் சொல்வதில்லை. அதைச் சொன்னது ஒரு கள ஆய்வு.

ஸ்மித்தன் வாசகிகள்

ஜேனிஸ் ராட்வே 1984இல் வெளியிட்ட 'ரீடிங் த ரொமான்ஸ்', அமெரிக்க நகரம் ஒன்றின் புத்தகக் கடையைச் சுற்றியிருந்த வாசகிகளை நேரில் கண்டு எழுதப்பட்டது. ஊருக்கு 'ஸ்மித்தன்' என்றும் கடைப் பணியாளருக்கு 'டாட்' என்றும் அவர் புனைபெயர் இட்டார். 42 பெண்கள் வினாத்தாளை நிரப்பினார்கள். நாயகனிடம் அவர்கள் முதலில் எதிர்பார்த்தவை அறிவு, கனிவு, நகைச்சுவை உணர்வு. காதல் நாவலில் ஒருபோதும் இருக்கக் கூடாதவை எவை என்ற கேள்விக்கு, வல்லுறவும் துயர முடிவும் முன்னிலையில் வந்தன.

ஆனால் இதே வாசகிகளின் விருப்பப் பட்டியலில் 'தி ஃப்ளேம் அண்ட் த ஃப்ளவர்' இருந்தது. ராட்வேயின் விளக்கத்தில் இதற்கான விடை கிடைக்கிறது. பிராண்டன் ஆள் அறியாமல் தவறு செய்தவன், பின்னர் பொறுமையும் கனிவும் காட்டியவன் என்று அந்தப் பெண்கள் கதையைத் தங்களுக்கே விளக்கிக்கொண்டார்கள். தொடக்கக் கொடுமையை மறைந்திருந்த அன்பின் அறிகுறியாகத் திருப்பி வாசித்தார்கள். எழுத்தாளர் செய்யாமல் விட்ட பழுதுபார்ப்பை வாசகி தன் மனத்தால் செய்தாள்.

அந்த உழைப்புக்கும் ஓர் எல்லை இருந்தது. தோற்றுப்போன காதல் நாவல்களுக்கென்றே ராட்வே ஓர் அத்தியாயத்தை ஒதுக்கினார். கொடுமை நீண்டுகொண்டே போகும், நாயகி ஓர் ஆணிடமிருந்து இன்னொருவனிடம் தள்ளப்படுவாள், நாயகனின் மாற்றம் கடைசிப் பக்கங்களில் அவசரமாக முடியும் என்று அமைந்த நூல்களை ஸ்மித்தன் பெண்கள் தள்ளினார்கள். விளக்கம் சொல்லிச் சொல்லிப் பார்த்தும் காயம் காதலாகவில்லை. அறியாமையும் கோபமும் இவர்களிடம் தென்பட்டதாகச் சிலர் கருதலாம். நான் அங்கே காண்பது கூர்மையான விமர்சன அறிவு. கல்விக்கூட விமர்சகர்களில் பெரும்பாலோர் இவ்வகை நூல்களைப் பொருட்படுத்தாத காலத்தில், நாயகனின் மனமாற்றம் நம்பும்படி இருக்கிறதா என்று இப்பெண்கள் நூல்நூலாக எடைபோட்டார்கள்.

சட்டமும் திருத்திய பதிப்பும்

1736இல் அச்சான மாத்யூ ஹேலின் சட்டநூல், கணவன் மனைவியை வல்லுறவு கொண்ட குற்றத்துக்கு உள்ளாக மாட்டான் என்றது. ஆங்கிலச் சட்டம் இரண்டரை நூற்றாண்டுகள் அதையே பின்பற்றியது. சூசன் பிரவுன்மில்லரின் 'அகெய்ன்ஸ்ட் அவர் வில்' 1975இல் வெளியாகி, வல்லுறவை அதிகாரத்தின் கருவியாகப் பார்க்கக் கற்பித்தது. 1976இல் நெப்ராஸ்கா மாநிலம் கணவனுக்கான விலக்கை நீக்கியது. 1993க்குள் அமெரிக்க மாநிலங்கள் அனைத்திலும் திருமணத்துக்குள் நடக்கும் வல்லுறவு குற்றமானது. இங்கிலாந்தில் பிரபுக்கள் அவை 1991இல் அந்த விலக்கை முடிவுக்குக் கொண்டுவந்தது. இந்தியாவில் 2024இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 63ஆம் பிரிவிலும் அந்த விலக்கு நீடிக்கிறது என்பதால், தமிழ் வாசகருக்கு இது தூரத்துச் செய்தி அல்ல.

மேற்கில் சட்டம் மாறிவந்த அந்த ஆண்டுகளில்தான் பொறுப்பு வாசகியிடமிருந்து இடம்மாறத் தொடங்கியது. ஜூடித் மெக்நாட்டின் 'விட்னி, மை லவ்' 1985இல் வந்தபோது, நாயகன் கிளேட்டன் நாயகியைச் சாட்டையால் அடிக்கும் காட்சியும், ஐயத்தால் அவளை வல்லுறவு கொள்ளும் காட்சியும் அதில் இருந்தன. வாசகிகள் பெரிதும் நேசித்த நூல் அது. அவர்களையே அக்காட்சிகள் உறுத்தவும் செய்தன. 1999இன் மறுபதிப்பில் மெக்நாட் அப்பகுதிகளை மாற்றி எழுதினார். ஸ்மித்தன் வாசகி மனத்துக்குள் செய்த திருத்தம் இப்போது அச்சில் ஏறியது. 1995இல் லொரெட்டா சேஸ் எழுதிய 'லார்ட் ஆஃப் ஸ்கவுண்ட்ரல்ஸ்' கதையில், தன் பெயரைக் கெடுத்த பிரபுவை ஜெசிக்கா சுடுகிறாள். மேரி சலோனரின் துப்பாக்கி திரும்பி வந்தது. கோர்ட்னி மிலனின் 'த கவர்னஸ் அஃபேர்' (2012) இன்னும் ஒரு படி மேலே சென்றது. டியூக்கால் கெடுக்கப்பட்ட ஆசிரியை, அவன் வீட்டெதிரில் அமர்ந்து நியாயம் கேட்கிறாள். கொடுமை செய்த டியூக் நாயகனாகும் தகுதியை இழக்கிறான்.

'அந்தக் காலம் அப்படி'

இந்த மாற்றத்துக்கு எதிராக எழும் வலுவான வாதம் வரலாற்று நேர்மை. அன்றைய ஆண்கள் அப்படித்தான் இருந்தார்கள், மென்மையாகக் காட்டுவதே பொய் என்பார்கள். டயானா கபல்டானின் 'அவுட்லேண்டர்' (1991) கதையில் பதினெட்டாம் நூற்றாண்டு ஸ்காட்லாந்துக் கணவன் ஜேமி, மனைவி கிளேரை இடைவாரால் அடிக்கும் காட்சி இந்த வாதத்தின் நிரந்தரக் களம்.

வாதத்தை இரு வழிகளில் சோதிக்கலாம். முதலாவது, இந்நாவல்கள் வரலாற்றை எப்படித் தேர்ந்தெடுக்கின்றன என்பது. சொத்தைப் பல், அம்மைத் தழும்பு, பேறுகால மரணம் இவற்றையெல்லாம் மனமுவந்து நீக்கும் கதை, பெண்மீதான வன்முறையை மட்டும் தவிர்க்க முடியாத உண்மையாகக் கொள்வது ஏன்? இரண்டாவது, 'அந்தக் காலம்' ஒரே குரலில் பேசவில்லை. கணவனால் அடைத்துவைக்கப்பட்ட பெண்ணைப் பற்றி மேரி வுல்ஸ்டன்கிராஃப்ட் எழுதிய 'மரியா' 1798இல், வுடிவிஸ் கதை தொடங்கும் ஆண்டுக்கு ஓராண்டு முன்பே, வெளிவந்தது. வன்கொடுமை செய்த கணவனைப் பிரிந்த கரோலைன் நார்ட்டனின் போராட்டம் 1839இன் குழந்தைப் பொறுப்புச் சட்டத்துக்கு வழிவகுத்தது. வன்முறையை வரலாறு என்று காட்டி, அதை எதிர்த்தவர்களை விட்டுவிடும் கதை முழு வரலாற்றைச் சொல்வதில்லை.

ஜூலியா க்வின்னின் 'த டியூக் அண்ட் ஐ' (2000) இன்னொரு பாடம். குடித்திருக்கும் கணவன் சைமனின் விருப்பத்துக்கு மாறாக, குழந்தை வேண்டி டாஃப்னி அவனோடு உறவுகொள்கிறாள். 2020 டிசம்பரில் இந்நாவலைத் தழுவி வந்த 'பிரிட்ஜர்டன்' தொடர் அந்தக் காட்சியை மாற்றிக் காட்டியும் கண்டனம் எழுந்தது. சம்மதம் என்ற அளவுகோல் இப்போது பெண்ணின் செயலுக்கும் பொருந்துகிறது. இது பெண் நாயகிமீது பரிவு குறைந்ததன் அடையாளமாகாது. வாசகிகள் கேட்டுவந்தது நீதி என்பதற்கான சான்று.

படுகொலையின் நிழலில் காதல்

அண்மைக் காலத்தில் ஏமாற்றம் படுக்கையறையைக் கடந்து வரலாற்றுக் களத்துக்கே வந்தது. கேட் பிரெஸ்லினின் 'ஃபார் சச் எ டைம்' (2014) தெரேசியன்ஸ்டாட் முகாமின் நாஜி அதிகாரிக்கும் யூதப் பெண்ணுக்கும் காதல் வைத்தது. 2015இல் அமெரிக்கக் காதல் நாவலாசிரியர் சங்கத்தின் ரீட்டா விருதுக்கு அது இறுதிப் பட்டியலில் வந்தபோது வாசகிகளும் எழுத்தாளர்களும் கொதித்தார்கள். 2021இல் அதே சங்கம் விவியன் விருதளித்த கேரன் விட்மெயரின் 'அட் லவ்ஸ் கமாண்ட்', 1890இன் வூண்டட் நீ படுகொலையில் பங்கேற்ற குதிரைப்படை வீரனை நாயகனாக்கியிருந்தது. எதிர்ப்பு வலுத்ததும் சங்கம் சில நாட்களிலேயே விருதைத் திரும்பப் பெற்றது.

ஒருவனுடைய மனந்திரும்பலுக்காக ஓர் இனத்தின் சாவு பின்னணித் திரையாகலாமா என்பதே இங்கு எழுந்த கேள்வி. வரலாற்றின் கொடுமையைத் தொடாமல் விடுவது இதற்கு விடையாகாது. அடிமைத்தனத்திலிருந்து மீண்ட பெண்ணைத் தன் 'இண்டிகோ' (1996) நாவலின் நாயகியாக்கிய பெவர்லி ஜென்கின்ஸ் அதைக் காட்டியிருக்கிறார். அங்கே காதல், தப்பி வருவோரைக் காக்கும் மக்களிடையே பிறக்கிறது. கொடுமை செய்தவர்களுக்கு அது மன்னிப்புச் சீட்டாகவில்லை.

முடிவுரை

மேற்கண்ட சான்றுகள் மூன்று கட்டங்களைக் காட்டுகின்றன. முதல் கட்டத்தில் காயத்துக்கான ஈடு மணம் என்று கேட்கப்பட்டது. இரண்டாம் கட்டத்தில் மணம் கிடைத்தது. அதை நம்பும்படி ஆக்கும் வேலை வாசகியின் தலையில் விழுந்தது. மூன்றாம் கட்டத்தில் வாசகிகள் அந்த வேலையை எழுத்தாளரிடமே திருப்பிக் கொடுத்தார்கள். தவறுக்குக் கதைக்குள் பெயர் இருக்க வேண்டும், விளைவு இருக்க வேண்டும், திருந்துவதற்குப் பக்கங்கள் ஒதுக்கப்பட வேண்டும், மன்னிப்பது நாயகியின் முடிவாக இருக்க வேண்டும் என்று கேட்டார்கள்.

ஏமாற்றமடைந்த வாசகியை இவ்வகை எழுத்தின் பகைவர் என்று கருதுவது வழக்கமாகிவிட்டது. வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது. நூலை நேசிக்காதவருக்கு ஏமாற்றமே இல்லை. காதல் கதை காதலுக்கு உண்மையாக இருக்க வேண்டும் என்று அந்தப் பெண்கள் விடாமல் கேட்டதால்தான் மெக்நாட் தன் நூலைத் திருத்தினார், மிலன் புதிய நாயகனைக் கண்டார். வரலாற்றுக் காதல் நாவலின் வளர்ச்சியை எழுதும் எவரும் எழுத்தாளர்களின் பெயர்களோடு, பெயர் தெரியாத அந்த வாசகிகளையும் அதன் ஆக்குநர்களாகக் கணக்கில் சேர்க்க வேண்டும்.