மலிவுப் பதிப்பின் தாமதம் – ஒரு வரலாற்று நோக்கு

2009ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்க வெளியீட்டாளர் சிலர், கெட்டியட்டைப் பதிப்பு விற்பனைக்கு வந்து சில காலம் கழிந்த பின்னரே மின்னூலை வெளியிடுவதென முடிவு செய்தனர். அவ்வாண்டு நவம்பர் 10ஆம் நாள் வெளிவந்த ஸ்டீபன் கிங்கின் ‘அண்டர் த டோம்’ என்னும் நாவலின் விலை 35 டொலர். அதன் மின்னூல் டிசம்பர் 24ஆம் நாள்வரை நிறுத்தி வைக்கப்பட்டது. இதனைப் புதிய கருவியொன்று தோற்றுவித்த புதிய சிக்கலாகக் கொள்ளத் தோன்றும். ஆயின் நூல் வணிகத்தின் வரலாற்றை நோக்குமிடத்து, இவ்வுபாயம் ஒரு நூற்றாண்டுக்கும் முற்பட்டதென்பது புலனாகும்.

விக்டோரியா காலத்து இங்கிலாந்திலே புதிய நாவல் மூன்று பாகங்களாக வெளிவருவதே பெருவழக்கு. 1821இல் வோல்டர் ஸ்கொட்டின் ‘கெனில்வேர்த்’ நாவலுக்கு இடப்பட்ட ஒன்றரைக் கினி விலை, அதாவது 31 சிலிங் 6 பென்ஸ், ஏறத்தாழ எழுபதாண்டுகள் நிலைத்து நின்றது. நடுத்தரக் குடும்பத்தவரும் அவ்விலைக்கு நாவல் வாங்குவது அரிது. அவர்களை வாசகராக்கியது 1842இல் சார்ள்ஸ் எட்வேர்ட் மூடி தொடங்கிய இரவல் நூலகமாகும். ஆண்டுக்கு ஒரு கினி சந்தா செலுத்தியோர் ஒவ்வொரு பாகமாகப் பெற்றுச் செல்லலாம். ஒரே நாவலை ஒரே வேளையில் மூன்று சந்தாதாரருக்குக் கொடுக்க முடிந்தமையால், மூன்று பாக முறை மூடிக்கு மிகவும் வாய்ப்பாயிருந்தது. வெளியீட்டாளருக்கோ, கழிவு கொடுத்தாலும் மொத்தக் கொள்வனவு உறுதி. ஆறு சிலிங் விலையிலான ஒருபாகப் பதிப்பு பின்னரே வரும். நூலகப் பிரதியொன்றுக்காகப் பெயர் பதிந்து காத்திருந்த மாணவர் எவருக்கும் அவ்வாசகரின் நிலை விளங்கும்.

மூடி ஏற்காத நாவல் பிழைப்பதும் அரிதாயிற்று. தமது நாவல் நூலகங்களால் ஒதுக்கப்பட்டமையைச் சகியாத ஜோர்ஜ் மூர், 1885இல் ஆறு சிலிங் ஒருபாக நாவலொன்றை வெளியிட்டதோடு, நூலகங்களைத் தாக்கித் துண்டுப்பிரசுரமும் எழுதினார். எனினும் இவ்வொழுங்கைக் குலைத்தவர்கள் அதனாற் பயனடைந்தவர்களே என்பது விந்தையானது. மலிவுப் பதிப்புகள் முந்தி வந்தமையால் நூலகங்கள் தம் பழைய பிரதிகளை விற்க இயலாது தவித்தன. 1894 யூனில் மூடியும் டபிள்யூ. எச். ஸ்மித்தும், பாகமொன்றுக்கு நான்கு சிலிங்குக்கு மேல் கொடுப்பதில்லை என்றும், ஓராண்டு கழியுமுன் மலிவுப் பதிப்பு வரலாகாது என்றும் நிபந்தனை விதித்தனர். வெளியீட்டாளரோ மூன்று பாக முறையையே கைவிட்டனர். 1894இல் 184 ஆக இருந்த அத்தகைய நாவல்கள் 1897இல் நான்காகக் குறைந்தன.

2009இல் அஞ்சியவர்கள் வெளியீட்டாளர்கள். அமசன் நிறுவனம் புதிய மின்னூல்களை 9.99 டொலருக்கு, பல வேளைகளில் நட்டத்துக்கே, விற்றது. அவ்விலையே நூலின் நியாய விலையென வாசகர் மனத்தில் பதிந்துவிடும் என்பதே அவர்களது அச்சம். அவ்வச்சம் வீணானதென்று நான் கருதவில்லை. தெரிந்தெடுத்த மருந்தே தவறு. 2010 ஏப்ரிலில் அப்பிள் நிறுவனத்துடனான உடன்பாட்டின்வழி மின்னூல் விலையைத் தாமே நிர்ணயிக்கும் உரிமையைப் பெற்றதும், பெருவெளியீட்டாளர்கள் தாமதத்தை நாடவேண்டிய தேவை பெரிதும் நீங்கிற்று. (அவ்வுடன்பாட்டைப் போட்டிக்கு விரோதமான கூட்டுச்சதியென 2013இல் நீதிமன்றம் தீர்த்தது வேறு கதை.)

அதே 2010இல் வெளியீட்டாளர் ஒருவர் சுமார் இரண்டு மாதங்கள் அமசனுக்குப் புதிய மின்னூல்களை வழங்காதிருந்தார். யூ ஹு, மைக்கல் ஸ்மித் ஆகிய ஆய்வாளர் அக்கால விற்பனையை ஆராய்ந்தனர். மின்னூல் இல்லாமையால் அச்சு நூலின் விற்பனை குறிப்பிடத்தக்க அளவு உயரவில்லை. காலந்தாழ்த்தி வந்த மின்னூல்களின் விற்பனையோ பெரிதும் வீழ்ந்தது. மூடியின் சந்தாதாரருக்குப் போக வேறிடம் இருக்கவில்லை. இவ்வாசகர்கள் வேறு நூல்களுக்குப் போய்விட்டனர்.