டாம்பாய்

ஆண்பிள்ளைகளுக்கு உரியவை என்று சமூகம் ஒதுக்கிவைத்த விளையாட்டு, உடை, பொழுதுபோக்கு ஆகியவற்றில் நாட்டம் கொண்ட சிறுமியை ஆங்கிலம் பேசும் நாடுகளில் டாம்பாய் என்பர். லூயிசா மே ஆல்காட் 1868-இல் வெளியிட்ட ‘லிட்டில் விமன்’ நாவலின் ஜோ மார்ச் இதற்குப் புகழ்பெற்ற இலக்கிய எடுத்துக்காட்டு. இத்தகைய நாட்டம் அபூர்வமானது என்ற எண்ணத்தை வரலாறு ஆதரிக்கவில்லை. 1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூலின் குடிசன் பார்க் மைதானத்தில் நடந்த பெண்கள் கால்பந்துப் போட்டிக்கு ஏறத்தாழ 53,000 பேர் திரண்டனர். மறு ஆண்டே, கால்பந்து பெண்களுக்கு ஏற்றதல்ல என்று கூறி, இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் தன் உறுப்புக் கழகங்களின் மைதானங்களை அவர்களுக்கு மூடியது. அத்தடை சுமார் 50 ஆண்டுகள் நீடித்தது. அமெரிக்காவில், கூட்டரசு நிதி பெறும் கல்வித் திட்டங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் ‘டைட்டில் நைன்’ சட்டம் 1972-இல் வந்தது. அதுவரை 3 லட்சத்துக்கும் குறைவாக இருந்த உயர்நிலைப் பள்ளி விளையாட்டுகளில் மாணவியர் பங்கேற்பு, பிற்காலத்தில் 30 லட்சத்தைக் கடந்தது.

பெண்களைத் தடுத்தவை விதிகளே என்ற இக்கருத்துக்கு, நாட்டங்களை உயிரியலே முடிவு செய்கிறது என்பது ஒரு மறுப்பு. பிறவி அட்ரீனல் மிகைவளர்ச்சியால் கருவிலேயே ஆண் இயக்குநீர்களுக்கு மிகுதியாக உட்பட்ட சிறுமியர், ஆண்பிள்ளைகளின் விளையாட்டுப் பொருள்களைச் சராசரியாக அதிகம் தேர்வதாக ஆய்வுகள் காட்டுவது உண்மையே. ஆனால் சராசரி எந்தத் தனிச் சிறுமிக்கும் எல்லை வகுக்காது. அமெரிக்கப் பள்ளி விளையாட்டுகளில் மாணவியர் பங்கேற்பு பத்து மடங்கு உயர்ந்தபோது மாறியவை விதிகளே, உடலியல் அல்ல. டாம்பாயைப் போற்றுவது தையலையும் பொம்மையையும் விரும்பும் சிறுமியரைத் தாழ்த்துகிறது என்ற பெண்ணியரின் மறுப்பு இன்னும் வலுவானது. சிறுமிக்குப் பந்தைக் கொடுக்கும் சமூகம், சிறுவனிடமிருந்து பொம்மையைப் பறிக்காமலும் இருக்க வேண்டும். நாட்டங்களுக்குப் பால் முத்திரை குத்துவதைக் கைவிடுவதே நியாயமான தீர்வு.