மண வயதும் பள்ளி வயதும்

திருகோணமலைக் குடாவின் தென்புறத்தே, மூதூருக்கும் தெற்கே, வயல்கள் சூழ்ந்த சிற்றூர் கிளிவெட்டி. அங்கு ஒரு பெண்பிள்ளை எத்தனை வயதுவரை படித்தாள் என்று ஆராயப் புகுவோர் பள்ளி இடாப்பை மட்டும் பார்த்தாற் போதாது. நாட்டின் விவாகச் சட்டத்தையும் உடன்வைத்துப் பார்த்தல் வேண்டும்.

1907 ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் பெண்ணின் மண வயதை 12 என விதித்தது. ஐரோப்பியர், பறங்கியர் வீட்டுப் பெண்ணுக்கோ 14. ஒரே தீவின் சிறுமியருள் ஒருத்திக்கு மட்டும் ஈராண்டு கூடுதலான பிள்ளைப் பருவம்! சட்டம் வகுத்தோர் குலத்தை நோக்கினர். கருவைச் சுமக்கும் உடலை நோக்கினாரல்லர்.

1945 இல் கல்வி மந்திரி கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தது. கட்டணம் நீங்கிற்று, மண வயது நின்ற இடத்திலேயே நின்றது. ஐம்பது ஆண்டு கழித்து, 1995 இலேதான் அது 18 ஆயிற்று. முஸ்லிம்களின் விவாகச் சட்டம் தனியானது. இம்மாற்றம் அதனைத் தொடவில்லை. 1998 முதல் கட்டாயக் கல்வி நடைமுறைக்கு வந்தபோதும் அதன் எல்லை 14 வயதே. ஆகவே, அவ்வயதைக் கடந்தவள் பள்ளி செல்லக் கடமைப்பட்டவளும் அல்லள். மணம்புரிய உரிமை பெற்றவளும் அல்லள். இடையே நான்காண்டுகள் காவலற்றுக் கிடந்தன.

அந்த இடைவெளியிலேதான் போர் புகுந்தது. மணமானவளை ஆட்சேர்ப்போர் விட்டுவிடுவர் என நம்பி, வடக்கிலும் கிழக்கிலும் பெற்றோர் பலர் மகளுக்கு அவசரமாகத் தாலி கட்டுவித்தனர். அவர்களைக் குறைகூறுதல் எளிது. அந்நாளில் அவர்களுக்கு வேறு வாயில் எது? வயது போதாமையால் அம்மணங்களைப் பதிய இயலாது. கணவன் அகன்றாலோ இறந்தாலோ, மனைவி என்று காட்ட அவள் கையில் ஒரு துண்டுக் கடதாசியும் இராது. பிள்ளை மட்டும் இருக்கும்.

2006 இற் பெயர்ந்த சம்பூர்ப் பகுதி மக்களுட் பலர் பின்னர் கிளிவெட்டி இடைத்தங்கல் முகாமிற் குடியிருந்தனர். தம் காணிகளுக்கு அவர்கள் மீளத் தொடங்கியது 2015 இல். ஆறு வயதிற் பெயர்ந்த சிறுமி அப்போது 15 வயதை எட்டியிருப்பாள். பள்ளிப் பருவம் முழுவதும் முகாமிலேயே கழிந்தது.

கட்டாயக் கல்வியின் எல்லை 2016 இல் 16 ஆக உயர்த்தப்பட்டது. வயதே அதன் அளவுகோல். 15 வயதில் தாயானவளும் அதற்குள் அடங்குவாள். ஆயினும் பாலூட்டும் வேளையும் பாடவேளையும் ஒன்றோடொன்று மோதும். அயலாரின் வாயும் சும்மா இராது. வகுப்பறைக்கு மீளாதவள், தனிப்பட்ட பரீட்சார்த்தியாகவேனும் சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றலாம்; அந்த நாள்களிற் பிள்ளையை வைத்துக்கொள்ள அம்மம்மா இசைய வேண்டும்.