கொடிமலை ரயில்: எதிர்ச்சுமை வேறு, பின்னூட்டம் வேறு

துணை அமைப்புகளும் பின்னூட்டமும் பற்றிக் கேள்வி வந்தால் நம் மாணவர்கள் உடனே குளிர்சாதனப் பெட்டியை எழுதிவிடுகிறார்கள். தப்பில்லை. ஆனால் பினாங்கில் இருந்துகொண்டு கொடிமலை ரயிலை விடலாமா?

ஒரு காலத்தில் ஆங்கிலேயர்கள் இந்த மலைக்குக் குதிரையிலும், ஆட்கள் தூக்கிய டோலியிலும்தான் போனார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தனியார் போட்ட முதல் ரயில் பாதை, கோளாறுகளால் கைவிடப்பட்டது. பிறகு அரசாங்கமே இறங்கியது. ரயில்வே பொறியாளர் ஆர்னால்ட் ராபர்ட் ஜான்சன் வடிவமைத்த பாதை 1923 அக்டோபரில் மக்களுக்குத் திறக்கப்பட்டது. 1924 ஜனவரி 1 அன்று ஆளுநர் கில்மார்ட் அதிகாரபூர்வமாகத் திறந்து வைத்தார். செலவு சுமார் 15 லட்சம் வெள்ளி.

பெட்டி, கம்பிவடம், மேலே இழுக்கும் இயந்திரம், பிரேக், தண்டவாளம் எல்லாமே துணை அமைப்புகள். ஒரே வடத்தின் இரு முனைகளில் இரண்டு பெட்டிகள். ஒன்று இறங்க இன்னொன்று ஏறும். பெட்டிகளின் எடை ஒன்றையொன்று சமன் செய்துவிடும். மோட்டார் மீதி வித்தியாசத்தையும் உராய்வையும் சமாளித்தால் போதும்.

இங்கேதான் கவனிங்க. பல மாணவர்கள் இந்தச் சமநிலையையே பின்னூட்டம் என்று எழுதி மதிப்பெண்ணை இழக்கிறார்கள். எதிர்ச்சுமை எதையும் அளப்பதில்லை, எதையும் ஒப்பிடுவதுமில்லை. சும்மா தொங்குகிறது, அவ்வளவுதான்.

அப்படியானால் பின்னூட்டம் எதற்கு? மோட்டாரின் சுமை நிலையாக இல்லை என்பதால். பயணம் தொடங்கும்போது கீழ்ப்பெட்டியின் பக்கம்தான் வடத்தின் நீளம் அதிகம்; நடுவழியைத் தாண்டியதும் அந்த எடை மறுபக்கம் போய்விடும். இறங்கும் பெட்டியில் ஆட்கள் நிறைந்து, ஏறும் பெட்டி காலியாக இருந்தால், மோட்டார் இழுப்பதற்குப் பதிலாகப் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கும். ஆகவே உண்மையான வேகத்தை அளந்து, வேண்டிய வேகத்தோடு ஒப்பிட்டு, மோட்டாரைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். அந்தக் காலத்தில் இந்த வேலையில் பெரும்பங்கு இயந்திரத்தை இயக்கியவரின் கண்ணுக்கும் கைக்கும் உரியது. இன்று உணரிகளும் கட்டுப்பாட்டுக் கணினியும் செய்கின்றன. வேகம் எல்லை மீறினால் பிரேக் தானாகவே பிடித்துக்கொள்ளும்.

பழைய பாதை இரண்டு பகுதிகள். நடுவில் இறங்கி வேறு பெட்டிக்கு மாற வேண்டும், மொத்தம் அரை மணி நேரம். ஒரு பகுதி பழுதானால் மற்றது ஓடலாம், ஆனால் அடிவாரத்திலிருந்து உச்சிக்குப் போக முடியாது! 1977இல் பெட்டிகள் மாறின. 2010இல் பாதை மூடப்பட்டு, 2011இல் ஒரே பகுதியாகத் திறந்தது. இப்போது பயணம் 10 நிமிடத்துக்குள் முடிகிறது. வேகம் கூடியதால், திருத்திக்கொள்ளக் கிடைக்கும் நேரம் குறைந்தது.

மாணவர்களைக் கூட்டிப்போனால், நடுவில் பெட்டிகள் விலகிப்போகும் இடத்தைக் காட்டிக் கேளுங்க: இங்கே பின்னூட்டம் உண்டா? இவ்வகை ரயில்களில் பொதுவாக ஒரு பெட்டியின் இடப்பக்கச் சக்கரங்களுக்கும், மற்றதின் வலப்பக்கச் சக்கரங்களுக்கும் மட்டுமே இருபுறமும் விளிம்பு இருக்கும். ஒவ்வொன்றும் தன் பக்கத் தண்டவாளத்தைப் பிடித்தபடியே போகும். அளவீடும் இல்லை, திருத்தமும் இல்லை.