அஸ்திவாரத்தைப் பிடுங்கும் விசை

நம்ம காரைக்கால் ஆத்து வண்டல் ஊர். கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர். 2001 செப்டம்பர் 25-இல் புதுச்சேரிக்கு அப்பால் கடலடியில் சுமார் 5.5 அளவில் நிலம் அதிர்ந்தது. அதே ஆண்டு ஜனவரி 26-இல் நடந்த பூஜ் நிலநடுக்கத்திலோ, காண்ட்லா துறைமுகக் கோபுரம் பைல் அஸ்திவாரத்தோடு சாய்ந்தது. அடிமண் கூழாக இளகியதே காரணம்.

அது கான்கிரீட் கோபுரம். பிரேசிங் எனும் குறுக்குத் தாங்கிகள் கொண்ட இரும்புக் கட்டடத்திலோ இன்னொரு சிக்கலும் சேரும். பக்கவாட்டு அதிர்வு ஒரு தூணை அழுத்தும். அடுத்த தூணை மேலே பிடுங்கும். அஸ்திவாரத்தின் எடைதான் அதைப் பிடிச்சு நிறுத்தணும். நிலத்தடி நீரில் மூழ்கினால் அந்த எடையும் குறைஞ்சிடும்.

ஐ.எஸ். 800 விதிநூலின் 1984 பதிப்பில் நிலநடுக்கத்துக்கெனத் தனிப் பிரிவு இல்லை. 2007 பதிப்பில்தான் வந்தது. ஆகவே, சிவில் படிக்கும் தம்பி தங்கைகளே, அதற்கு முந்திய ஷெட்டைச் சோதிக்கப் போனால், கூரையை அண்ணாந்து பார்க்குமுன் தூணடி போல்ட்டைக் குனிந்து பாருங்கள்!